கட்டையில் பட்டுத் திரும்பும் காயின்

2002-இல் நான் எம்.இ. படித்துக்கொண்டே முதலாண்டு மாணவர்களின் கம்ப்யூட்டர் ஆய்வக வகுப்பையும் பார்த்துக்கொண்டேன். கல்லூரி திருவொற்றியூரில். ஜன்னலைத் திறந்தால் சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்குப் போகும் லாரிகளின் சத்தம். மூடினால் புழுக்கம்.

என் மனைவி ரமாபாய் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. சனிக்கிழமை கம்ப்யூட்டர் வகுப்பைத் தவிர வேறெதற்கும் நான் காத்திருக்கவில்லை.

அந்த வகுப்புக்காகக் கேரம் ஆட்டத்தை கம்ப்யூட்டர் புரோகிராமாக எழுதினேன். மோதலும் வேகமும் திரையில் பார்த்தால் புரியும் என்பது என் எண்ணம். எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு கேரம் கிளப். ஆடத் தெரியாதவர்கள் குறைவு.

செங்கொடி வியாசர்பாடிப் பெண், கல்லூரி கேரம் அணியில் இருப்பவள். முதல் அடியிலேயே மவுஸை விட்டுக் கையை எடுத்தாள்.

“இன்னா சார், கட்டையில பட்ட காயின் போன வேகத்துலயே திரும்பி வருது. இது எந்த ஊரு போர்டு?”

ஃபாரின் போர்டாக இருக்கும் என்றான் பக்கத்திலிருந்த பிலால். ஃபாரினிலும் கட்டை கட்டைதான் என்றாள் அவள்.

தப்பு என்னுடையது. போர்டின் ஓரக் கட்டையில் மோதும்போது வேகம் குறைய வேண்டும் என்பதை எழுத மறந்திருந்தேன். அதைச் சொல்வதற்குள் வகுப்பு இரண்டாகிவிட்டது. பாதி வேகம் குறையும் என்றது ஒரு கூட்டம், கால்வாசிதான் என்றது இன்னொன்று. செங்கொடி புத்தகத்தில் சூத்திரம் தேடினாள். பிலால் ஸ்கேலைத் திரையில் வைத்து அளந்தான்.

சத்தம் கேட்டுத் துறைத்தலைவர் தண்டபாணி சார் வந்தார். படிக்கிற இடத்தில் விளையாட்டா என்றார். அடுத்த சனிக்கிழமை வந்து பார்ப்பேன், யாரும் எதையும் கற்பதாகத் தெரியாவிட்டால் இந்த வகுப்பு கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார்.

வீட்டில் பீரோவுக்குப் பின்னால் ரமாபாயின் கேரம் போர்டு இருந்தது. எடுத்துத் தூசி துடைத்தேன். பவுடர் தூவி, காயினைக் கட்டையில் அடித்து அளந்தேன். புரோகிராமைத் திருத்தினேன்.

வியாழக்கிழமை மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். சூப்பர் சார் என்றார்கள். ஆளுக்கொரு ஆட்டம் ஆடினார்கள். ஒருவரும் புத்தகத்தைத் தொடவில்லை. பிலால் கொட்டாவி விட்டான்.

தப்பு இருந்தபோதுதான் படித்தார்கள்.

சனிக்கிழமை காலை புதிதாக ஒரு தப்பைப் போட்டேன். கனமான ஸ்ட்ரைக்கரையும் லேசான காயினையும் ஒரே எடையாக்கினேன். யாரிடமும் சொல்லவில்லை.

தண்டபாணி சார் கையைக் கட்டிக்கொண்டு செங்கொடிக்குப் பின்னால் நின்றார். அவள் நேராக அடித்தாள். காயின் பறந்தது. ஸ்ட்ரைக்கர் பட்ட இடத்திலேயே நின்றுவிட்டது. அவள் வாயைத் திறக்குமுன் அவர் குனிந்தார்.

“ஏம்மா, ஸ்ட்ரைக்கர் ஏன் நின்னுடுச்சு?”

“அதான் சார் நானும் பாத்துகினு கீறேன்.”

“பவுடர் பத்தலை.”

“பவுடர் பத்தலைன்னா காயினும்தான் நிக்கணும். அது மட்டும் ஜம்முனு போவுது?”

சிரிப்பு எழுந்தது. அவர் விடவில்லை. சாக்பீஸை எடுத்துப் பலகையில் சமன்பாட்டை எழுதினார். பாதியில் செங்கொடி இன்னொரு சாக்பீஸோடு போய் எடைகளைப் போட்டாள். இரண்டும் சமமானால்தான் ஸ்ட்ரைக்கர் நிற்கும் என்று வந்தது. மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. தண்டபாணி சார் சின்ன வயதில் தண்டையார்பேட்டை கிளப் ஒன்றில் ஆடியவர் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

போகும்போது வாசலில் நின்றார்.

“நிலவன், அந்தத் தப்பு தானா வந்ததா, நீங்க போட்டதா?”

“போட்டது சார்.”

கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டார்.

“அடுத்த வாரம் என்ன தப்பு?”

யோசிக்கிறேன் என்றேன்.

வீட்டில் போர்டு தரையிலேயே கிடந்தது. அதன் முன்னால் உட்கார்ந்தேன். ரமாபாய் பவுடரை அள்ளிக் கொட்டுவாள். காயின் நிற்கவே நிற்காது, போய்க்கொண்டே இருக்கும். பவுடர் அதிகம் என்று சொன்னால், உனக்குக் குறி தெரியவில்லை என்பாள்.

அடுத்த வாரத்துத் தப்பு கிடைத்துவிட்டது.