நடுவில் வெட்டிய பலகை

பலகையை நடுவில் வெட்டக்கூடாது என்பது லிண்ட்சேக்குத் தெரியாத சங்கதியல்ல. ஓரத்திலிருந்து வேண்டியதை மட்டும் அறுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்தவனுக்கு விட்டுவைப்பதுதான் மரவேலைக்காரனுக்கு அழகு. ஹியூவன் ஆற்றங்கரைப் பொதுப் பட்டறைக்குப் புதிதாக வருகிற ஒவ்வொருவரிடமும் இதை அவர் பதினோரு வருஷமாக ஓதிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட மனுஷர்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு அருமையான பலகையின் நட்ட நடுவில் ரம்பத்தை வைத்தார். ஆசை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன சொல்ல.

ஆசைக்குக் காரணம் இருந்தது. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஊர்க் கண்காட்சி நடக்கும். ஆப்பிள், ஆட்டு ரோமம், கேக் வரிசைகளுக்கு அப்பால் மரவேலைக்கென்று ஒரு நீள மேஜை போடுவார்கள். அந்த மேஜையில் முதல் பரிசின் நீல ரிப்பன் வருஷா வருஷம் கிளெமுக்குத்தான் போகும். கிளெம் ஆயுசு முழுக்கப் படகு கட்டியவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற லிண்ட்சேக்கு மிஞ்சிப்போனால் இரண்டாம் பரிசின் சிவப்பு ரிப்பன். "உன் மூக்கு கலருக்கு அதாண்டா மேட்ச்" என்று கிளெம் எல்லோர் முன்னாலும் சொல்லுவார், லிண்ட்சேயும் சேர்ந்து சிரித்து வைப்பார். இந்த வருஷம் முதுகுவலி என்று சொல்லி கிளெம் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். லிண்ட்சேக்கு வருத்தம்தான். உள்ளுக்குள் கொஞ்சம் குஷியும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

சதுரங்கப் பலகை செய்வதென்று முடிவுசெய்தார். வெள்ளைக் கட்டங்களுக்குப் பிரச்சினை இல்லை. ஒரு பழைய துடுப்புப் படகின் இருக்கைப் பலகை அவரிடம் இருந்தது. அசல் ஹியூவன் பைன், வெண்ணெய் நிறம், சுரண்டினால் இன்றைக்கும் வாசனை தூக்கும். கறுப்புக்குத்தான் அல்லாடினார். மிர்ட்டில் மரத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், தக்காளி சாஸ் சிந்தின மாதிரி சிவப்பாக அடித்தது. சாசஃப்ராஸ் மரத்தில் ஒரே துண்டுக்குள் கறுப்பும் வெளுப்பும் கலந்து கிடக்கும், ஆடுகிறவனுக்குக் குதிரை எந்தக் கட்டத்தில் நிற்கிறதென்றே குழம்பிப்போகும். பிளாக்வுட்தான் சரி. ஆனால் அவரிடம் இருந்த பிளாக்வுட் பால் அதிகமான டீ மாதிரி வெளுத்திருந்தது.

அப்போதுதான் பொது அடுக்கில் அந்தப் பலகையைப் பார்த்தார். ஆள் உயரம், கை நீள அகலம், அடர்ந்த பழுப்புப் பிளாக்வுட். பார்க்கிறவர் நகர்ந்தால் ரேகைகளும் கூடவே நகர்ந்தன. நடுவில் ஒரு கறுத்த சுழி. பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. பட்டறைச் சட்டம் ரொம்ப எளிது: சாக்பீஸில் பெயர் எழுதியிருந்தால் அது அவனுடைய மரம், பெயர் இல்லையென்றால் முதலில் கை வைத்தவனுடையது.

பலகையின் இரண்டு பக்கமும் புதிதாக இழைத்து வழவழவென்றிருந்தது. மெனக்கெட்டு இழைத்துவிட்டு யாராவது பொது அடுக்கில் தூக்கிப் போடுவார்களா? லிண்ட்சேக்கு இந்தக் கேள்வி தோன்றாமல் இல்லை. தோன்றியது, நன்றாகவே தோன்றியது. கேட்டால் யாராவது "என்னுது" என்று சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் அவர் கேட்கவில்லை.

சுழியை நடுவில் வைத்து முக்கால் முழம் அறுத்து எடுத்தார். அதிலிருந்து நான்கு கறுப்புப் பட்டை, படகு இருக்கையிலிருந்து நான்கு வெள்ளைப் பட்டை. மாற்றி மாற்றி ஒட்டி, காய்ந்தபின் குறுக்கே எட்டாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பிவைத்து மறுபடி ஒட்டினார். வெள்ளிக்கிழமை காலை அறுபத்துநான்கு கட்டமும் கிளாம்புக்குள் இறுகிக் கிடக்க, பக்கத்தில் டீக் கோப்பையோடு நின்று தன் வேலையைத் தானே ரசித்துக்கொண்டிருந்தபோது கிளெமின் மகள் ஜோஸ்லின் உள்ளே வந்தாள்.

அப்பாவின் பலகையை எடுத்துப் போக வந்ததாகச் சொன்னாள். திங்கட்கிழமை அவர் இங்கே வந்து அதை இழைத்தாராம். இழைத்ததில் பெயர் சீவலோடு போய்விட்டது. திரும்ப எழுதுவதற்குள் வலி வந்து மடங்கிவிட்டார். பட்டறையில் வேறு யாரும் இல்லை. அவள் வந்து பலகையைக் கையில் கிடைத்த அடுக்கில் சாய்த்துவிட்டு அவரை நேராக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாளாம்.

 முதுகு இப்போது எப்படி இருக்கிறது என்று லிண்ட்சே கேட்டார்.

"முதுகு இல்ல லிண்ட்சே, கணையம். யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. அதிகம்போனா ஆறு வாரம்னு சொல்றாங்க. பெட்டிய வீட்டிலயே அவர் கையால செஞ்சு முடிச்சிட்டாரு. மூடி மட்டுந்தான் பாக்கி."

"எந்த மூடி?" என்றார் லிண்ட்சே. கேள்வி அசட்டுத்தனமானது என்று அவருக்கே தெரிந்தது.

"அம்மாவுக்குப் போட்டோமே, அதோட ஜோடி. ஒரே கட்டையப் புத்தகம் பிரிச்சா மாதிரி பிளந்து, ஒரு பாதி அம்மாவுக்கு, ஒரு பாதி தனக்குன்னு வெச்சிருந்தாரு. நீங்கதானே அன்னிக்குப் பெட்டிய முன்னால நின்னு தூக்கினீங்க?"

தூக்கியவர் அவர்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால் தேவாலயத்தில் கிளெமின் மனைவி வெர்னாவின் சவப்பெட்டியைத் தூக்குவதற்கு முன், மூடியின் நடுவில் இருந்த சுழிமேல்தான் உள்ளங்கையை வைத்து நின்றார். அதே சுழிதான், கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பியிருந்தது, அவ்வளவே. மூன்று நாள் அதை அளந்தார், கோடு போட்டார், அறுத்தார், தேய்த்தார். ஒருமுறைகூட அடையாளம் தெரியவில்லை.   டீ கையில் கொட்டியது, சுட்டது அவருக்கு உறைக்கவில்லை.

ஜோஸ்லின் மேஜையருகே வந்து கிளாம்புக்குள் இருந்ததைப் பார்த்தாள். அழகாக வந்திருக்கிறதே, கண்காட்சிக்கா என்று கேட்டு, ஒரு கறுப்புக் கட்டத்தைக் கட்டைவிரலால் தடவினாள். லிண்ட்சே தலையை மட்டும் ஆட்டினார். பலகையைத் தேடி எடுத்துத் தானே கொண்டுவருவதாகச் சொல்லி அவளை அனுப்பினார்.

அவள் போனதும் மிச்சமிருந்த இரண்டு முனைத் துண்டுகளையும் அடுக்கிலிருந்து இறக்கித் தரையில் வைத்துப் பார்த்தார். நடுவில் சிமெண்டுத் தரை தெரிந்தது. அங்கேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டார்.

இரண்டு நாள் அவர் நல்லவராக இருந்தார் என்று சொல்ல முடியாது. வேறொரு பிளாக்வுட் வாங்கிச் சாயம் ஏற்றிக் கொடுத்துவிடலாமா என்று யோசித்தார். கிளெம் விரல் நுனியிலேயே கண்டுபிடித்துவிடுவார். பலகையைக் காணவில்லை, யாரோ எடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடலாமா என்றும் யோசித்தார். அந்தப் பொய்யைக் கண்ணாடி முன்னால் சொல்லிக்கூடப் பார்த்தார். இதற்கு நடுவே கை பழக்கதோஷத்தில் கிளாம்பைக் கழற்றி, பலகையைத் தேய்த்து, எண்ணெய் பூசி முடித்தும்விட்டது. எண்ணெய் பட்டதும் கறுப்பு ஜொலித்தது. அவர் ஒரு துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடினார்.

திங்கட்கிழமை சதுரங்கப் பலகையைத் துண்டில் சுற்றி, முனைத் துண்டுகளையும் வண்டியில் போட்டுக்கொண்டு கிளெம் வீட்டுக்குப் போனார்.

ஆறு தெரிகிற ஜன்னலோரம் கட்டிலைப் போட்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் கிளெம் பாதியாகியிருந்தார். வாய் மட்டும் குறையவில்லை.

"என்னடா மூஞ்சி இது? போகப்போறது நானா நீயா?"

 லிண்ட்சே துண்டைப் பிரித்துப் பலகையைப் போர்வைமேல் வைத்தார்.

"உன் மூடி" என்றார்.

கிளெம் முதலில் சிரிக்கப் பார்த்தார். பிறகு குனிந்தார். நடுவில் இருந்த கறுப்புக் கட்டங்களில் சுழி துண்டு துண்டாக, திசைக்கொன்றாகத் திரும்பிக் கிடந்தது. அந்தத் துண்டுகளை அவர் விரல் ஒவ்வொன்றாகத் தேடிப்போய்த் தொட்டது.  வேறு நல்ல பலகை தேடித் தருகிறேன், எங்கிருந்தாலும் கொண்டுவருகிறேன் என்று லிண்ட்சே உளறிக்கொண்டே போனார்.

"அந்த மரம் இன்னொண்ணு கிடையாது" என்றார் கிளெம். கொஞ்சம் பொறுத்து, "இழைச்ச பலகைன்னு உனக்குத் தெரிஞ்சுதா இல்லியா?"

"தெரிஞ்சுது."

"அப்பறம் ஏன் யாரையும் கேக்கல?"

"யாராவது என்னுதுன்னு சொல்லிருவாங்களோன்னு கேக்கல."

கிளெம் கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்று லிண்ட்சே நினைத்தார். கண்ணைத் திறக்காமலேயே கிளெமின் கட்டைவிரல் பலகையில் ஒட்டுகள்மேல் நீளவாக்கிலும் குறுக்கிலும் போய்வந்தது.

"ஒரு ஒட்டுகூட வாய் திறக்கல. சுத்தமான வேலை. நீ செஞ்சதுலயே இதான் உருப்படி. ஜெயிக்கும்."

இதைக் கண்காட்சிக்குக் கொண்டுபோகவே மாட்டேன், இன்றைக்கே அடுப்பில் போட்டுவிடுகிறேன் என்றார் லிண்ட்சே. கிளெம் பலகையை இழுத்து மார்மேல் வைத்துக்கொண்டார்.

"எரிக்கக் கூடாது. மேஜையில வை. பக்கத்துல அட்டை வெப்போமில்ல, என்ன மரம், எங்கேருந்து வந்துச்சுன்னு? அதுல உள்ளத எழுது. நாள் பூரா நீயும் பக்கத்துல நில்லு. கேக்கறவங்களுக்கு உன் வாயால சொல்லு."

"உனக்கு மூடி?"

"சாதா பைன் போதும். அதையும் நீயே அடிச்சுக் குடு."

அதற்குப் பிறகு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மன்னித்தாரா, சபித்தாரா, லிண்ட்சேக்குப் புரியவில்லை. கேட்கவும் துணிவு வரவில்லை. 

கண்காட்சிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது கிளெம் போய்விட்டார். லிண்ட்சே அடித்துக் கொடுத்த மூடி வெளுப்பாக, ரேகையே இல்லாமல் இருந்தது. பெட்டியை முன்னால் நின்று லிண்ட்சேதான் தூக்க வேண்டும் என்று கிளெம் சொல்லிவைத்திருந்தாராம். தூக்கினார். தேவாலயத்தில் இருந்தவர்களில் பலர் அந்த மூடியைப் பார்த்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். படகு கட்டிய மனுஷனுக்கு இதுதானா கிடைத்தது என்று பின்னால் யாரோ முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது.

கண்காட்சியன்று காலை, ஜோஸ்லின் சதுரங்கப் பலகையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அட்டையை மூன்று தடவை எழுதிக் கிழித்தார். நாலாவதை மேஜையில் வைத்தார்: 'வெள்ளை, ஹியூவன் பைன், பழைய படகின் இருக்கை. கறுப்பு, பிளாக்வுட், கிளெமின் சவப்பெட்டி மூடி. கேட்காமல் வெட்டியது.'

அட்டைகளைப் பார்க்காமல்தான் நடுவர்கள் தீர்ப்புச் சொல்லுவார்கள். பத்து மணிக்குக் கதவு திறந்தபோது பலகைமேல் நீல ரிப்பன் கிடந்தது. பட்டறைக்காரர்கள் கை நீட்டிக்கொண்டு சிரித்தபடி வந்தார்கள். குனிந்து அட்டையைப் படித்தார்கள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் சட்டைப்பையில் விட்டுக்கொண்டார். ஒருவர் பின் ஒருவராகக் கேக் மேஜைப் பக்கம் நகர்ந்தார்கள். பதினோரு வருஷமாக ஆசைப்பட்ட இடத்தில் லிண்ட்சே தனியாக நின்றார். கண்காட்சி ஐந்து மணி வரை.

வெளியூர்க்காரி ஒருத்தி, ஒரு கையில் பாதி தின்ற மீன் பஃப்ஸோடு வந்தாள். அட்டையை அவள் பார்க்கவில்லை. என்ன அழகு என்று சொல்லி, நடுக் கட்டத்தை ஒரு விரலால் தடவினாள்.

"இந்தக் கறுப்பு என்ன மரங்க?"

லிண்ட்சே சொன்னார். மரத்தின் பெயரைச் சொன்னார், எங்கிருந்து வந்தது என்று சொன்னார், கேட்காமல் வெட்டியதையும் சொன்னார். முழுக்கச் சொல்லி முடித்தார்.

அவள் மென்றதை விழுங்கினாள்.

"அவர் உங்களுக்கு யாரு?"

"சிநேகிதன்" என்றார் லிண்ட்சே.

அவள் பலகையிலிருந்து விரலை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.