அப்பா பேருக்கு ஓர் இறந்தகாலம்

ஞானசேகரன் ஸ்பானிஷ் படிக்கப் போனது பக்தியால் அல்ல. அவன் குமாஸ்தாவாக இருந்த பட்டுக் கம்பெனிக்கு ஐம்பத்தெட்டில் அர்ஜென்டினாவிலிருந்து ஆர்டர் வரத் தொடங்கியது. அந்தக் கடிதங்களைப் படிக்கத் தெரிந்தவனுக்குத் தனி மேஜை என்று மானேஜர் ஆசை காட்டியிருந்தார். மர்பி டவுன் கோயிலுக்குப் புதிதாக வந்திருந்த ஸ்பெயின் தேசத்து ஃபாதர், சாயங்காலங்களில் நாலைந்து பேருக்குப் பாடம் நடத்தினார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்க்கும் பெட்டி என்கிற பெண்ணும் அங்கே படித்தாள். உண்மையைச் சொன்னால், மேஜையைவிட அவள்தான் பெரிய காரணம்.

அன்று நடந்த பாடம், முன்பெல்லாம் வழக்கமாக நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் காலம். முரண்டு பிடிக்காத வினைகளுக்கு விதி சுலபம். ஒரு வகைக்குக் கடைசியில் 'ஆபா', மற்ற இரண்டு வகைக்கும் 'ஈயா'.

"தமிழில் 'அப்போதெல்லாம் வருவார், போவார்' என்கிறீர்கள் அல்லவா, அதுவேதான்" என்றார் ஃபாதர். அவர் தமிழைப் புத்தகத்தில் படித்தவர். "சிறு வயதில் உங்கள் வீடு எப்படி இருந்தது? எழுதி வாருங்கள்."

ஞானசேகரனின் அப்பா மதலைமுத்து சிவாஜிநகர் மார்க்கெட்டில் ஆட்டுக்குடல் கழுவி விற்பவர். எந்தச் சோப்புக்கும் மசியாத வாடை அது. பெட்டியின் காதில் இது விழுந்துவிடக் கூடாது என்பதுதான் அவனுடைய தீராத கவலை. அதனால் இந்தக் காலம் அவனுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. எல்லாம் முன்பு, இப்போது என்ன என்று எவரும் கேட்க முடியாது. 'திரபஹாபா' என்று போட்டு அப்பாவை ஓர் ஆபீசில் வேலைக்கு உட்கார வைத்தான். 'விவியா' என்று போட்டு ஒரு மாடி வீட்டில் வாழ வைத்தான்.

அடுத்தது பெயர். தமிழில் பெயருக்கு வினையே வேண்டாம். அப்பா பேர் மதலைமுத்து, அவ்வளவுதான். ஸ்பானிஷுக்கு அதற்கும் ஒரு வினை வேண்டும். வந்த வேகத்தில் அதற்கும் ஓர் ஆபாவைச் சேர்த்தான்: 'மி பாத்ரே செ யமாபா மதலைமுத்து.' அந்த யமாபாவுக்குள் எமன் உட்கார்ந்திருப்பதைக் கெட்டிக்காரன் கவனிக்கவில்லை.

வகுப்பில் அவன் படித்துக் காட்டியபோது ஃபாதர் சிலுவை வரைந்துகொண்டார்.

"உயிரோடு இருப்பவர் பெயரை இந்த இறந்தகாலத்தில் சொல்ல மாட்டோம். உன் தகப்பனார் இறந்துபோனாரா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அடுத்த கேள்வி, இப்போது என்ன செய்கிறார் என்பது. அதற்குள் பெட்டி திரும்பி, "ஸாரி ஞானம், எனக்குத் தெரியவே தெரியாது" என்றாள். அவள் அவனிடம் அவ்வளவு அன்பாகப் பேசியதே இல்லை. அவன் தலை குனிந்துகொண்டான். ஃபாதர் அதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. மதலைமுத்து வழக்கம்போல் கடைசி வரிசையில், மார்க்கெட் ஆட்களோடு நின்றார். ஃபாதர் பீடத்திலிருந்து அறிவித்தார்: "இன்றைய பூசை, நமது ஞானசேகரனின் காலஞ்சென்ற தகப்பனார் மதலைமுத்துவின் ஆத்தும இளைப்பாற்றிக்காக."

முன் வரிசையில் இருந்த ஞானசேகரன் ஜெபப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். இப்படி ஓர் அவமானம் மனிதனுக்கு வரலாமா? அதுவும் தானே தேடிக்கொண்டது. பின்னால் மதலைமுத்துவின் கூட்டாளி சின்னப்பா, "யோவ் மதல, ஒனக்கா பூசை வெக்கிறாங்க?" என்றது அவன் காதிலும் விழுந்தது. திரும்பிப் பார்த்தான். அப்பா முழந்தாளிட்டு, மற்றவர்களோடு சேர்ந்து தன் ஆத்துமத்துக்காக வேண்டிக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்ததும் வாசலில் ஃபாதர் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். பெட்டியும் பக்கத்தில் நின்றாள். ஒதுங்கிப் போகப் பார்த்த மதலைமுத்து, மகன் முகத்தைக் கண்டு தயங்கி நின்றார்.

"இவர் உனக்கு உறவா?" என்று ஃபாதர் கேட்டார்.



"பக்கத்து வூடு, சாமி" என்றார் மதலைமுத்து.

"அப்படியானால் தகப்பனாரை உமக்குத் தெரிந்திருக்குமே. ஆபீசில் வேலை பார்த்தாராம்."

மதலைமுத்து மகனைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"ஆமாங்க சாமி. காலையில சுத்தமா வெள்ளைச் சட்டை போட்டுக்கினு போவாரு. நல்ல மனுசன்."

"அங்கிள், ஞானத்துக்கு இப்ப அப்பாவும் இல்ல. கொஞ்சம் பாத்துக்குங்க" என்றாள் பெட்டி.

"பாத்துக்கிறேம்மா" என்று சொல்லிவிட்டு அவர் மார்க்கெட் பக்கம் நடந்தார்.

ஞானசேகரனுக்கு அப்பா என்று கூப்பிட வேண்டும்போல் இருந்தது. பெட்டி இன்னும் பக்கத்திலேயே நின்றாள். அவன் கூப்பிடவில்லை.