என் கூரையிலிருந்து சரிந்த பனி

அன்று விடியற்கால ஜெபத்தில் நான் கர்த்தரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். என் குடில்களின் கூரையில் பனி தங்கக் கூடாது, சரிந்து கீழே விழுந்துவிட வேண்டும் என்று கேட்டேன். எங்கே விழ வேண்டும் என்று சொல்லவில்லை.

சபையில் ஏழு பேர்தான் இருந்தோம். இரண்டு வரிசை முன்னால் கொக்சோங் மதினி முழங்காலிட்டிருந்தார். கொக்சோங் அவர் பிறந்த ஊர். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறோம். அவர் கணவர் எனக்கு அண்ணன் மாதிரி. அவர் போய்ச் சேர்ந்து நான்கு வருடம் ஆகிறது. மதினி ஒற்றை ஆளாக ஒரே ஒரு பாலித்தீன் குடிலில் ஸ்ட்ராபெரி வளர்க்கிறார். பக்கத்தில் என்னுடைய மூன்று குடில்கள்.

ஜெபம் முடிந்து வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் என்னைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். நான் எதையோ தேடுகிறவன் போலக் குனிந்துகொண்டேன்.

பேச்சு நின்று போனது செப்டம்பரில். என் மூன்றாவது குடிலை அப்போதுதான் எழுப்பினேன். இரண்டு குடில்களுக்கு நடுவில் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்து நிற்கிற அளவு இடம் விட வேண்டும். மேற்குக் கடலிலிருந்து வருகிற பனி ஈரமானது, கனமானது. கூரையிலிருந்து சரிந்தால் அது போய்க் கிடக்க இடம் வேண்டும். எனக்கு அது தெரியாததல்ல. இன்னும் ஒரு பாத்தி கிடைக்குமே என்ற ஆசையில், மதினியின் குடிலை ஒட்டிக் குழாய் வளைவுகளை நட்டுவிட்டேன். நடுவில் ஒருவர் உடம்பைத் திருப்பிக்கொண்டு நடந்தால்தான் போக முடியும்.

மதினி வந்து பார்த்தார். "கொழுந்தனாரே, பனி விழுந்தா எங்க போய் உக்காரும்?" என்றார்.

"உங்க கிம்ச்சி ஊறுகாய்ப் பானைக்குள்ளயா வந்து உக்காரும்? போய் வேலையப் பாருங்க மதினி."

கூட நின்ற ஆட்கள் சிரித்தார்கள். மதினியும் கொஞ்சம் சிரித்தார். அப்புறம் தன் குடிலுக்குத் திரும்பிப் போய்விட்டார். அதன் பிறகு அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. தப்புச் செய்தவன் நான். கோபமும் எனக்குத்தான் வந்தது.

ஆனாலும் வருடத்தின் மிக நீண்ட இரவு கழிந்த மறுநாள், வழக்கம்போல, ஒரு கிண்ணம் சிவப்புப் பயறுக் கஞ்சி என் வீட்டு வாசலில் மூடி வைக்கப்பட்டிருந்தது. என் மனைவி யோன்சில் அதைச் சூடாக்கி எனக்கும் ஊற்றினாள். குடித்தேன். கிண்ணத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. காலிக் கிண்ணமாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. அதில் ஏதாவது போட்டுக் கொடுக்க வேண்டும். போட்டுக் கொடுத்தால் பேச வேண்டும். கிண்ணம் எங்கள் அடுப்பங்கரை அலமாரியிலேயே இருந்தது.

ஜெபம் முடிந்து வீட்டுக்கு வந்து அரைமணி நேரத்தில் பனி தொடங்கியது. காற்றே இல்லை. பெரிய பெரிய துண்டுகளாக, நேராக இறங்கியது. ஒன்பது மணிக்கு முழங்கால் அளவு. பத்து மணிக்கு ஊர் ஒலிபெருக்கி கரகரத்தது.

"கேக்குதா? கேக்குதா? ஊர்த்தலைவர் பேசுறேன். சாயங்காலத்துக்குள்ள இன்னும் முப்பது சென்டிமீட்டர் விழுமாம். குடில்ல ஹீட்டரைப் போட்டு வைங்க. உள்ள யாரும் நிக்க வேண்டாம். தாங்கலைன்னு தெரிஞ்சா பிளாஸ்டிக்கைக் கிழிச்சு விட்ருங்க, குழாயாவது மிஞ்சும். அப்புறம் என்னோட செவப்புச் சேவலக் காணோம். பாத்தவங்க சொல்லுங்க. தின்னவங்களும் சொல்லுங்க."

யோன்சில் சிரித்தாள். "ஊரே முங்கப் போகுது, இவருக்குச் சேவல்."

நான் மூன்று குடில்களிலும் ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தேன். சூடு மேலே போய் பிளாஸ்டிக்கின் அடியில் படும். மேலே பனியின் அடித்தோல் உருகும். பிறகு மொத்தமாக வழுக்கி இறங்கும். முதல் இரண்டு குடில்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மூன்றாவதின் பிளாஸ்டிக் புதுசு, வழவழப்பு. பதினொரு மணிக்கு அதன் மேற்குப் பக்கக் கூரை முழுவதும் ஒரே நேரத்தில் சரிந்தது. தரை அதிர்ந்தது.

"ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று வாய்விட்டுச் சொன்னேன்.

அது மதினியின் குடிலுக்கும் என் குடிலுக்கும் நடுவிலிருந்த சந்தில் விழுந்திருந்தது. எட்டிப் பார்த்தேன். இடுப்பளவு. அரைமணி கழித்து மறுபடியும் சரிந்தது. இந்த முறை தோளளவு. மதினியின் குடிலின் பக்கச் சுவர் உள்நோக்கி வயிறு ஒட்டினதுபோல் போயிருந்தது. அதன் கூரையிலும் பனி இருந்தது; பழைய பிளாஸ்டிக், சின்ன ஹீட்டர், அது சரியவே இல்லை.

நான் பார்த்தேன். இதை இங்கே எழுதியே ஆக வேண்டும். பார்த்துவிட்டு, அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்து வீட்டுக்குள் போய் பார்லித் தண்ணீர் குடித்தேன்.

இரண்டாவது கோப்பையை ஊற்றும்போது வெளியே ஒரு சத்தம் கேட்டது. டக். காய்ந்த மூங்கிலை முழங்காலில் வைத்து முறித்ததுபோல. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. குழாய்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கிளிப்புகள் தெறிக்கிற சத்தம். எங்கள் ஊரில் அந்தச் சத்தம் யாருக்கும் புதிதல்ல.

யோன்சில் ஜன்னலுக்குப் போனாள். "மதினி வீட்டுல புகையே இல்லையேங்க. வாசல்ல ரப்பர் பூட்ஸையும் காணோம்."

"சபைக்குப் போயிருப்பாங்க."

"இந்தப் பனியிலயா? அந்தம்மா குடிலுக்குள்ளதான் இருக்காங்க. தேனீப் பெட்டிய விட்டுட்டு வருவாங்கன்னா நெனைக்கிறீங்க?"

குளிர்காலத்தில் ஸ்ட்ராபெரிப் பூவைத் தேடி வெளியிலிருந்து எந்த வண்டும் வராது. அதனால் ஆளாளுக்குக் குடிலுக்குள் ஒரு தேனீப் பெட்டி வைத்திருப்போம். மதினி தன்னுடையதைப் பிள்ளை மாதிரிப் பார்ப்பார். போன குளிரில் என் பெட்டியில் தேனீக்கள் செத்தபோது, தன் பெட்டியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் என் குடிலுக்குத் தூக்கிவந்து வைத்தவரும் அவர்தான்.

ஓடினேன். ஓட முடியவில்லை, நீந்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். மதினியின் குடில் கதவு இழுக்க வரவில்லை. சட்டம் கோணிப் போயிருந்தது.

"மதினி!"

உள்ளே தூரத்தில் அவர் குரல். "யாரது? பியோங்சு தம்பியா?"

"நாந்தான். வெளிய வாங்க!"

"வரலாம்னுதான் பாக்குறேன். காலு வரமாட்டேங்குது."

கதவோரம் தொங்கிய அரிவாளை எடுத்துக்கொண்டு மேற்குப் பக்கமாகச் சுற்றிப் போய்ச் சுவர்ப் பிளாஸ்டிக்கைக் கீறினேன். உள்ளே வெள்ளை வெளிச்சம். கடைசி நான்கு வளைவுகள் மடிந்து கிடந்தன. அவற்றுக்குக் கீழே மதினி உட்கார்ந்திருந்தார். இடுப்புயரப் பாத்தியைத் தாங்கும் இரும்புக் காலுக்கும் மடிந்த குழாய்க்கும் நடுவில் அவருடைய வலது கால் மாட்டியிருந்தது. மடியில் தேனீப் பெட்டி. அதன் மேல் தன் மேல்கோட்டைப் போர்த்தியிருந்தார். முட்டுக்கொடுக்கக் கொண்டுவந்த மரக்கட்டை ஒன்று பக்கத்தில் உருண்டு கிடந்தது.

"எத்தனை நேரமா இப்படி இருக்கீங்க?"

"உங்க குடில் கூரைப் பனி ரெண்டாந்தடவை விழுந்துச்சே, அப்போலேருந்து." குற்றம் சொல்கிற குரல் இல்லை. மணி சொல்வதுபோல் சொன்னார். "கூப்பிட்டேன். ஹீட்டர் சத்தத்துல கேட்டிருக்காது."

நான் உள்ளே ஒரு காலை வைத்தேன். அப்போது எதிர்ப்புறம், என் கூரையிலிருந்து ஒரு துண்டு சரிந்து சந்தில் விழுந்தது. சின்னத் துண்டுதான். மதினியின் குடில் முழுவதும் முனகியது. ஐந்தாவது வளைவு மெதுவாக, சொல்லிவிட்டுச் செய்வதுபோல, மடிந்து என் தலைக்கு மேல் ஒரு முழத்தில் நின்றது.

"வராத தம்பி!" என்று மதினி கத்தினார். "நீ வெளிய போ. இனி ஒண்ணு விழுந்தா ரெண்டு பேரும் அடியில."

அவர் சொன்னது சரி. நிமிர்ந்து பார்த்தேன். என் மூன்றாவது குடிலின் கூரையில் மறுபடியும் ஒரு கை கனத்துக்குப் பனி ஏறியிருந்தது. அடியில் ஈரம் மினுங்கியது. ஹீட்டரை இப்போது அணைத்தாலும் பிரயோஜனமில்லை. நனைந்தது நனைந்ததுதான், இறங்கத்தான் செய்யும். காலையில் நான் கேட்ட ஜெபம் அங்கே, கூரை மேலே, இறங்கத் தயாராக உட்கார்ந்திருந்தது.

ஒரே ஒரு வழி இருந்தது. என் கூரையைக் கிழித்துவிட்டால் பனி வெளியே சரியாது, உள்ளே விழும். உள்ளே மூவாயிரம் செடிகள், முதல் பழம் சிவந்துகொண்டிருந்தது. திறந்த கூரைக்குக் கீழே அவை ஒரு மணி நேரம்கூடத் தாங்காது.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அதிகமில்லை. ஆனால் நின்றேன். அந்த நேரத்தில் இன்னொரு கிளிப் தெறித்தது.

திரும்பியபோது யோன்சில் பின்னால் நின்றாள், தலையெல்லாம் பனி. கையில் நீளமான மூங்கில் கம்பு. அதன் நுனியில் வீட்டு அரிவாளை ஏற்கெனவே கட்டியிருந்தாள்.

"என்ன பாக்குறீங்க?" என்றாள். "நீங்க கிழிக்கிறீங்களா, நான் கிழிக்கட்டுமா?"

என் குடிலின் வாசலில் நின்றபடியே மேற்குக் கூரையை முதல் வளைவிலிருந்து கீறத் தொடங்கினேன். ஒவ்வொரு வளைவாக, பின்னால் தப்பி ஓட வழி வைத்துக்கொண்டு நகர்ந்தேன். கீறல் ஒவ்வொன்றும் ஒரு நொடி வாய் மூடியிருக்கும். பிறகு பிளந்து, மூட்டை மூட்டையாகப் பனி பாத்திகளின் மேல் கொட்டும். வெதுவெதுப்பான காற்று பெருமூச்சு விட்டதுபோல் மேலே போனது. ஸ்ட்ராபெரி வாசனை ஒரு கணம் பலமாக அடித்தது, அப்புறம் இல்லை. கடைசி வளைவு வரை கீறினேன்.

சந்தில் அதற்கப்புறம் எதுவும் விழவில்லை.

நான் மதினியின் குடிலுக்குள் வயிற்றால் ஊர்ந்து போனேன். முட்டுக் கட்டையை நெம்புகோலாக வைத்துக் குழாயைத் தூக்கினேன். யோன்சில் வெளியிலிருந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தாள்.

"மொதல்ல பெட்டி" என்றார் மதினி.

"மதினி!"

"பெட்டிய வாங்குடி!"

பெட்டியை வாங்கினோம். பிறகு அவரை. கணுக்கால் கறுத்து வீங்கியிருந்தது. நாங்கள் மூவரும் வேலிப் பக்கம் போய்ச் சேர்வதற்குள் பின்னால் அவருடைய குடில் இறங்கியது. பெரிய சத்தம் எதுவும் இல்லை. நடக்கிறவன் களைத்து உட்காருகிற மாதிரி, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உட்கார்ந்தது.

மதினி அதை ஒருமுறை பார்த்தார். பிறகு வானம் தெரிய வாய் பிளந்து கிடந்த என் குடிலைப் பார்த்தார்.

"உன் பழமெல்லாம் போச்சேப்பா" என்றார்.

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், பல்தான் அடித்துக்கொண்டது.

"வாய மூடு, பனி உள்ள போகும்" என்றார். "உங்க வீட்டுல வெந்நி இருக்குமில்ல? வா."

அன்று அவர் எங்கள் வீட்டில்தான் தங்கினார். ஊர்த்தலைவர் டிராக்டரில் வந்து எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்க அவரை டவுனுக்குக் கூட்டிப்போய் மறுபடி கொண்டுவந்து விட்டார். முறிவு இல்லை. தேனீப் பெட்டி எங்கள் அடுப்பங்கரையில் போர்வைக்குள் இருந்தது. காதை வைத்தால் சன்னமாக முரலும்.

மறுநாள் காலை பனி நின்றிருந்தது. நான் என் மூன்றாவது குடிலுக்குள் போனேன். உறைந்த பாத்திகளை விரலால் கிளறிக் கிளறி, பனி மூட்டைகள் விழாத கிழக்கு ஓரத்தில் இலைக்கு அடியில் தப்பியிருந்த பழங்களைத் தேடினேன். பதினொன்று கிடைத்தது. வீட்டுக்கு வந்து அலமாரியிலிருந்த கிண்ணத்தைக் கழுவித் துடைத்து, அவற்றை அதில் போட்டு, மதினியின் முன்னால் இரண்டு கையாலும் வைத்தேன்.

அவர் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "இதுக்கு இவ்வளவு நாளா கொழுந்தனாரே?"

ஒரு பழத்தை எடுத்துப் பாதி கடித்தார். மீதியை யோன்சிலிடம் நீட்டினார்.

வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. சேவல் கிடைத்துவிட்டதாம். மேற்கே கடலுக்கு மேல் இன்னொரு மேகம் வருகிறதாம், நேற்றையதைவிடக் கனமானது. சாயங்காலத்துக்குள் நம் ஊரைத் தொடும்.

நான் மண்வாரியை எடுத்துக்கொண்டு சந்துக்குப் போனேன். மூன்றாவது குடிலின் மேற்கு வரிசைக் குழாய்களை முதலில் பிடுங்கி, பனி போய் உட்கார இடம் விட வேண்டும். தரை கல்லாக இறுகியிருந்தது. மேற்கே வானம் ஈயம் மாதிரி இறங்கிக்கொண்டிருந்தது. முதல் குழாயைச் சுற்றித் தோண்டத் தொடங்கினேன்.