பதினான்கு படிகள்

ஏழாவது படியில்தான் அவள் நின்று பக்கத்துத் தரையைக் கவனித்தாள். கையில், வரப்போகும் கட்டடத்தின் நிழல் எதுவரை விழும் என்று அலுவலகத்துக்காக அவளே வரைந்த நிழல் வரைபடம். பக்கத்தில், நாலு மாடி எழும்பப்போகும் காலிமனை படிகளோடு சேர்ந்து சரிந்துகொண்டே வந்தது. மொத்தம் பதினான்கு படிகள். கீழே, மனை முடிகிற கம்பிவேலிக்கு ஒரு மீட்டர் தள்ளித் தையல்கார அக்காவின் சுவர்.

நிழல் வரைவது பெரிய வித்தையில்லை. வருடத்திலேயே சூரியன் மிகவும் தாழ்ந்து போகிற நாளை எடுத்துக்கொண்டு, கட்டடத்தின் உச்சியைத் தொட்டு வெயில் விழும் சாய்வில் ஒரு கோடு இழுத்தால், அது தரையில் முட்டுகிற இடத்தில் நிழல் முடியும். தரை இறங்கினால் கோடும் விடாமல் இறங்கும். மனையின் உயர அளவுகளை, எண்கள் நெரிசலாக இருக்கின்றன என்று கணினித் திரையில் அணைத்து வைத்தவள் அவள்தான். அதனால் தாளில் தரை சமம். நிழல் சமர்த்தாக வேலியோடு நின்றுவிட்டது.

"வா கண்ணு. நிழல் வேலியைத் தாண்டாதுன்னு நீ சொன்னா சரிதான். ஆட்சேபணை இல்லன்னு எங்க கையெழுத்துப் போடணும்?" அக்கா பேனாவைத் திறந்தாள். ஜன்னலோரத் தையல் மிஷினில் கறுப்புத் துணி, கறுப்பு நூல். "வெயில் மட்டும் இல்லேன்னா துணிக்குப் பதிலா விரலைத் தச்சிருவேன்."

போன் அடித்தது. முதலாளி. அவள் வாசலுக்கு வந்தாள்.

"மூணு மணிக்குள்ள நகராட்சியில தாக்கல் பண்ணணும். கையெழுத்து வாங்கிட்டியா?"

"சார், மனை இறங்குது. நான் தரையோட உயரத்தைக் கணக்குல எடுக்கல."

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம்.

"உனக்கும் எனக்கும்தானே தெரியும்? வாங்கிட்டு வா. இல்லேன்னா வராத."

உள்ளே வந்தாள்.

"அக்கா, டேப்பும் சாக்பீஸும் குடுங்க."

"யாருக்கு அளவெடுக்கப் போற?"

"சுவருக்கு."

ஒரு படியை அளந்தாள்: பதினெட்டு சென்டிமீட்டர். பதினான்கு படிக்கு இரண்டரை மீட்டர்; வேலியிலிருந்து சுவருக்குப் போவதற்குள் வெயில் கோடு இன்னும் கொஞ்சம் இறங்கும். வரைபடத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். கணக்கு தப்பாக இருந்துவிடாதா என்று இரண்டாம் முறையும் போட்டாள். வெளியே சுவரில் ஒன்றரை மீட்டர் டேப்பை ஒருமுறை முழுதாகவும் பிறகு கொஞ்சமும் வைத்து, ஜன்னலின் இருபுறமும் சாக்பீஸால் கோடு இழுத்தாள்.

"குளிர்காலத்து மதியத்துல நிழல் இதுவரைக்கும் ஏறும்க்கா. நான் தப்பா வரைஞ்சுட்டேன்."

பைக்குள் போன் மறுபடி அடித்தது. அக்கா பேனாவை மூடவில்லை. இடது கையைத் தூக்கி, கோட்டுக்கும் ஜன்னலின் மேல்சட்டத்துக்கும் நடுவில் வைத்தாள். வெயிலுக்கு மிச்சம் நாலு விரல் இடம். சரியாகப் பொருந்தியது. கையை எடுக்காமல் நின்றாள்.