தேடலில் வராத ஒன்பது படங்கள்

மலேசியாவின் புக்கிட் செலம்பாவில் லோகனின் பட்டறை பெரிய சாலையிலிருந்து உள்ளே தள்ளி, செம்பனை மரங்களை ஒட்டி இருந்தது. கால் முடியாதவர்கள் ஓட்டுவதற்காகச் சாதாரண மோட்டார் சைக்கிளில் பின்பக்கம் இரண்டு சக்கரங்கள் பொருத்திக் கொடுப்பது அவன் தொழில். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் இப்படி ஒரு பட்டறை இருப்பதே வெளியூரில் யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் அவன் மனைவி பிரேமாவதி ஓர் இணையத்தளம் தொடங்கினாள்.

மூன்று மாதம் கைப்பேசியில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டு கட்டியது. மொத்தம் நாலு பக்கம்; அவற்றில் ஒன்பது படங்கள் போட்டிருந்தாள்.

"இந்த வண்டிக்கு என்ன பேருன்னு யாருக்குத் தெரியும்? படத்தப் பாத்துத்தான் தேடி வருவாங்க" என்று லோகனிடம் சொன்னாள்.

ஆனால் படம் வந்தால்தானே. தினமும் காலையில் தேடுபொறியில் 'மூன்று சக்கர மோட்டார்' என்று தமிழிலும் மலாயிலும் தட்டிப் பார்ப்பாள். ஐஸ்கிரீம் வண்டி வரும், சிறுபிள்ளைகள் மிதிக்கும் சைக்கிள் வரும், ஏதோ ஓர் ஊரின் ரிக்‌ஷா வரும். லோகன் செய்த வண்டி மட்டும் வராது. இரண்டு மாதம் இப்படியே போனது.

"வரும்லா, விடு" என்பான் லோகன். அவளால் விட முடியவில்லை. இணையத்தளத்துக்கு இடம் கொடுத்திருந்த நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் போன் செய்தாள். சிவநேசன் என்ற இளைஞன் எடுத்தான். இவள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறினான்.

"அக்கா, கம்ப்யூட்டர் முன்னாடிதானே இருக்கீங்க? நான் சொல்ற மாதிரி தட்டுங்க." இந்தத் தளத்தில் உள்ளதை மட்டும் காட்டு என்று தேடுபொறியிடம் கேட்கும் முறையை எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தான். "என்ன வருது?"

"எங்க நாலு பக்கமும் வருது தம்பி."

"இப்ப 'படங்கள்'னு இருக்கறத அமுக்குங்க."

திரை வெள்ளையாக இருந்தது. "ஒண்ணுமே இல்ல."

"அப்ப பக்கத்தப் பாக்குது, படத்த மட்டும் பாக்கல." சிறிது நேரம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. "படம் இருக்கற ஃபோல்டருக்குள்ள தேடுபொறி வரக்கூடாதுன்னு செட்டிங் போட்டிருக்குக்கா. யாரு போட்டது?"

பிரேமாவதிக்கு முகம் சுட்டது. போட்டவள் அவள்தான்.

ஒன்பதாவது படம் அவளுடையது. பத்தொன்பது வயதில், வேலை முடிந்து ஃபேக்டரி வாசலைக் கடக்கும்போது லோரி மோதி, வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. லோகன் செய்த முதல் வண்டியே அவளுக்காகத்தான். ஊன்றுகோலைப் பக்கத்தில் கட்டிக்கொண்டு, மடித்துத் தைத்த கால்சட்டையோடு அவள் அதில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் போடச் சொன்னது அவன். அவளும் சரி என்றாள். ஆனால் முன்பின் தெரியாதவர்கள் எதையோ தேடும்போது தன் கால் வந்து நிற்பதை நினைக்கக் கூசியது. அந்த ஒரு படத்தை மறைக்க என்று நினைத்து எதையோ தேர்வு செய்தாள். அது எல்லாப் படங்களையும் மறைத்துவிட்டது.

"நாந்தான் தம்பி" என்று நடந்ததைச் சொன்னாள்.

அவன் சிரிக்கவில்லை. "அந்த ஒண்ண மட்டும் மறைக்கலாம்கா. மத்த எட்டும் வரும். எனக்கு ரெண்டு நிமிச வேலை. உங்க இஷ்டம்தான்."

வெளியே லோகன் ஏதோ ஒரு இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தான். அந்த வண்டி கைக்கு வந்த முதல் நாள், யாரையும் கேட்காமல் பாசாருக்குத் தனியாகப் போய், வீட்டில் ஏற்கெனவே கீரை இருந்தும் இன்னொரு கட்டு கங்கோங் கீரை வாங்கி வந்தது அவளுக்கு நினைவு வந்தது.

"எல்லாத்தையும் தொறந்து விடுங்க தம்பி" என்றாள்.

வேலை இரண்டு நிமிடத்தில் முடிந்தது. ஆனாலும் சிவநேசன் இன்னும் முக்கால் மணி நேரம் போனில் இருந்தான். கேமரா தானாகப் பெயராக வைத்திருந்த எண்களை எடுத்துவிட்டுப் படங்களுக்குப் பெயர் வைக்கச் சொன்னான். ஒவ்வொன்றோடும் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதச் சொன்னான். "கண்ணு தெரியாதவங்களுக்கு அந்த வரியத்தான் போன் படிச்சுக் காட்டும். அதனால நல்லா எழுதுங்கக்கா." ஒன்பதாவது படத்துக்கு அவள், 'ஒரு காலை இழந்த பெண், தானே ஓட்டும் மூன்று சக்கர மோட்டார்' என்று எழுதினாள்.

பன்னிரண்டாம் நாள் இரண்டு படங்கள் தேடலில் வந்தன. மாத முடிவுக்குள் ஒன்பதும் வந்துவிட்டன.

அடுத்த வாரம் ஜித்ராவிலிருந்து ஒரு பெண் அழைத்தாள். பெயர் மருதம்மாள். பள்ளிக்கூடக் கேண்டீனில் சமையல். சிறுவயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போனவை. முப்பது வருஷமாகத் தம்பி ஓட்டும் காடியில்தான் வேலைக்குப் போய் வருகிறாள்.

"வேற எங்க தேடுனாலும் ஆம்பளைங்க படமா இருக்கு. உங்க படத்துல ஒரு பொம்பள உக்காந்திருக்காங்க. அவங்ககிட்டப் பேச முடியுமா? ஏறி எறங்கக் கஷ்டமான்னு கேக்கணும்."

"அது நாந்தாங்கக்கா."

 பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். மழையில் எப்படி ஓட்டுவது, பெட்ரோல் நிலையத்தில் யார் உதவுவார்கள், ஊன்றுகோலை எங்கே கட்டுவது என்று மருதம்மாள் கேட்கக் கேட்கப் பிரேமாவதி சொல்லிக்கொண்டே போனாள். இதையெல்லாம் அவளிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

வண்டி தயாராகி, அதைச் சாலையில் ஓட்டுவதற்கான அனுமதித் தாளும் கைக்கு வர இரண்டு மாதம் ஆயிற்று. மருதம்மாள் தம்பியோடு வந்து, பட்டறை முன்னால் செம்மண் பாதையில் ஓட்டிப் பார்த்தாள். முதல் சுற்றில் தம்பி கூடவே ஓடினான். மூன்றாவது சுற்றில், "நீ போய் ஒக்காருடா" என்று அவனை அனுப்பிவிட்டுத் தனியாகச் சாலை முனை வரை போய்த் திரும்பினாள். இறங்கியதும் பிரேமாவதியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க படம் இல்லன்னா நான் வந்திருக்க மாட்டேன்மா" என்றாள்.

அன்று மாலை பிரேமாவதி சிவநேசனுக்கு நடந்ததையெல்லாம் எழுதி அனுப்பினாள். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. 'எனக்கு வர்ற போன் எல்லாம் கோவமாத்தான் வரும் அக்கா. இத நான் அழிக்காம வச்சுக்கறேன். நன்றி.'

அவள் அதை லோகனுக்குப் படித்துக் காட்டினாள். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "நன்றிய அந்தத் தம்பி சொல்றானா? ஒரு நாளு சாப்பிடக் கூப்பிடு" என்றான்.

உடனே கூப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான்.