கோபத்துக்குக் காரணம் கேட்டார்கள்

அகஸ்ரினின் முழங்காலை உடைத்தவன் நான்தான். இத்தாலியில், பாலெர்மோ நகரத்துப் பிரான்காச்சோ மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம். என்னிடமிருந்து பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அவ்வளவுதான். பந்து எங்கேயோ போய்விட்டது; நான் அவன் காலை உதைத்துக்கொண்டிருந்தேன். விழுந்த பிறகும் உதைத்தேன். நாலு பேர் சேர்ந்துதான் என்னை இழுத்தார்கள்.

வழக்காகிவிட்டது. வழக்கறிஞர் ஒரே வழிதான் சொன்னார். மனநல டாக்டர் என் கோபத்துக்கு ஒரு காரணம் கண்டு எழுதித் தரவேண்டும். காரணமில்லாமல் அடிப்பவன் என்றால் பெர்மெசோவைப் புதுப்பிக்கமாட்டார்கள். இந்த நாட்டில் இருக்க எங்களுக்குள்ள ஒரே கடதாசி அது. அது போனால் நானும் மனைவி ஞானாம்பிகையும் சண்டைக்குள்தான் திரும்பிப் போகவேண்டும். தொண்ணூற்றாறில் யாழ்ப்பாணத்துக்கு யார் போவார்கள்?

"சினியோராவையும் கூட்டிக்கொண்டு போங்கோ," என்றாள் ஞானாம்பிகை. "அவ வந்தால்தான் இஞ்சை எங்களை மனுசராய் மதிப்பினம்."

பாலெர்மோவில் எங்கள் ஆட்களின் வழக்கம் அது. பொலிஸ் என்றாலும் ஆஸ்பத்திரி என்றாலும், வேலை செய்கிற வீட்டுக்காரியை, எங்கள் சினியோராவை, முன்னால் விட்டுப் பின்னால் போவோம். நானும் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு அப்படியே போனேன்.

டாக்டர் இளம் பெண். "அடிக்கிறவன் எப்போதும் அடிக்கவேண்டியவரை அடிப்பதில்லை," என்றார். "ஓரிடத்தில் விழுங்கிய கோபத்தை, கைக்கு எட்டியவன் மேல் கொட்டுவான். நீங்கள் வாரம் முழுக்க யாரிடம் விழுங்குகிறீர்கள்?"

யாரிடமா? ஒன்பது வருடமாக என்னைக் கழுதை என்று கூப்பிடுகிறவள், மடித்த துணியைத் தரையில் கொட்டி மறுபடி மடிக்கச் சொல்கிறவள், சென்ட் மணக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"ஒருத்தரிட்டையும் இல்லை," என்றேன்.

சினியோரா முந்திக்கொண்டாள். "இவன் தங்கம், டாக்டர்! நான் எவ்வளவு ஏசினாலும் வாய் திறக்கமாட்டான். செருப்பால எறிஞ்சாலும் எடுத்துக்கொண்டு வந்து தருவான்."

டாக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு வெளியே இருக்கச் சொல்லிக் கதவைச் சாத்தினார்.

"இப்போது சொல்லுங்கள். ஒரு பெயரும் எழுதமாட்டேன், காரணத்தை மட்டும்தான் எழுதுவேன். ஆனால் நீங்கள் சொல்லாமல் நானாக எழுத முடியாது."

சொல்லு மகேந்திரராசா, சொல்லித் தொலை என்று எனக்கு நானே கத்தினேன். ஞானாம்பிகையை நினைத்தேன். வாயைத் திறந்தேன்.

"சினியோரா நல்ல மனுசி," என்றேன்.

மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அதையேதான் சொன்னேன். கண்ணீர் வந்ததே தவிர வேறொரு சொல் வரவில்லை. என்னைப்போல ஒரு மடையன் உலகத்தில் இல்லை.

கடைசியில் அவர் எழுதினார். இத்தாலியனை எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்குத் தெரியும். காரணம் எதுவும் கண்டறியப்படவில்லை.

வெளியே சினியோரா மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "அழுது முடிஞ்சுதோ, கழுதை? கெதியா வா, குசினியிலை சட்டிபானை கழுவாமக் கிடக்கு."

"ஓம், சினியோரா," என்று அவளுடைய பையை வாங்கிக்கொண்டேன்.