சின்ன டின்னில் சுட்ட சோயா ரொட்டி

ஊருக்கெல்லாம் ரொட்டி சுட்டுப் போடுகிற பேக்கரிக்காரருக்கு வீட்டில் ரொட்டி கிடையாது என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் நிலைமை அதுதான். ரத்தத்தில் சர்க்கரை ஏறிவிட்டது. வெள்ளை ரொட்டி வாயில் போட்ட வேகத்தில் சர்க்கரையாகிவிடும், மெதுவாகச் செரிக்கிற சாப்பாடாகப் பார்த்துச் சாப்பிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அன்றிலிருந்து மனிதர் காலையில் அவித்த பயறைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

பொல்லாத நாக்கு அவருக்கு. தான் சுட்ட ரொட்டியில் தினமும் ஏதாவது குறை கண்டுபிடிப்பார். அடுத்தவர் கொடுப்பதை மட்டும் "பிரமாதம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டுக் கை கழுவப் போய்விடுவார்.

அவர் மனைவி வீட்டு முன்னறையில் துணி தைப்பவள். கணவர் முகம் வாடினால் அவளுக்குத் தாங்காது. முழுக்கோதுமை மாவோடு சோயா மாவைச் சேர்த்து, சோயா பாலில் பிசைந்து, தானே ரொட்டி சுடப்போவதாக அறிவித்தாள்.

"ஞாயித்துக்கிழமை சுடறேன். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு மெஷின்ல பாப்போம். சர்க்கரை அடங்கி இருந்தா தினமும் சுட்டுத் தரேன். எகிறிச்சுன்னா இந்த வீட்ல ரொட்டிங்கற பேச்சே கூடாது. நீங்க சமையலறைப் பக்கம் தலை வெச்சும் படுக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

சரி என்றார். வாய் சொன்னதைக் கை கேட்க வேண்டாமா? ஞாயிறு காலை அவள் மாவுகளைக் கலந்து மூடிவிட்டு, தைத்த சட்டையைக் கொடுக்க மாடி வீட்டுக்குப் போனாள். இவர் மூடியைத் திறந்தார். சோயா கலந்தால் மாவு அவ்வளவாக உப்பாது. டின் விளிம்புக்கு மேலே தலை நீட்டாத ரொட்டியை அவர் இதுவரை கடை அலமாரியில் வைத்ததே இல்லை. ஆசையாகச் சுடுகிறாள், செங்கல்லாக வந்தால் மனசு உடைந்துபோவாளே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். கலவையில் பாதியை அள்ளிப் பழைய பிஸ்கட் டப்பாவில் ஒளித்தார். அந்த இடத்தில் கடை மைதாவைக் கொட்டிக் கலந்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி பேப்பரை விரித்து உட்கார்ந்துவிட்டார். நிறம் மாறியதை அவள் கவனிக்கவில்லை. அவள் துணியின் நிறத்தில்தான் கெட்டிக்காரி.

ரொட்டி விளிம்பைத் தாண்டிப் பொங்கி வந்தது.

"ஏங்க, வந்து பாருங்களேன். கடை ரொட்டி மாதிரியே இருக்கு."

"பிரமாதம்" என்றார். அவள் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அவர் மூன்று துண்டு சாப்பிட்டார்.

பிறகு விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை எங்கேயோ போய் நின்றது. அவள் மெஷினைத் தட்டிவிட்டு இன்னொரு முறை பார்த்தாள். அப்புறம் சோயா மாவுப் பொட்டலத்தை மடித்துக் கட்டினாள்.

"எனக்கு வரலைங்க. என்னவோ ஆசைப்பட்டேன். விடுங்க."

அந்தச் சொல்லை அவரால் தாங்க முடியவில்லை. ரொட்டி போனால் போகட்டும், செய்யாத தப்புக்கு அவள் ஏன் தலைகுனிய வேண்டும்? பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்தார்.

"பாதி மைதாம்மா. நான்தான் மாத்தினேன்."

அவள் டப்பாவுக்குள் பார்த்தாள்.

"அப்போ பிரமாதம்னு சொன்னது உங்க மைதாவை. நான் ஒரு பைத்தியம், இளிச்சுக்கிட்டு நின்னேன்."

அன்று முழுக்க வீட்டில் தையல் மெஷின் சத்தம் மட்டும்தான். சாயங்காலம் அதுவும் நின்றது.

"ஏன் மாத்தினீங்க?"

"சோயா போட்டா டின்ல பாதிக்குத்தான் வரும். குட்டையா நிக்கும். பாக்கவே சகிக்காது."

"சட்டை தொளதொளன்னு இருந்தா சட்டையைத்தான் பிடிச்சுத் தைப்பாங்க. ஆளையா இழுத்து நீட்டுவாங்க? உங்க கடையில சின்ன டின் இல்லையா?"

கேக் சுடுகிற சின்ன டின்கள் கடை அடுக்கில் வரிசையாக இருந்தன. ரொட்டிக்கு அவற்றை எடுக்கலாம் என்று இத்தனை வருஷத்தில் அவருக்குத் தோன்றியதே இல்லை.

அடுத்த ஞாயிறு அவளே கலந்து, பிசைந்து, சுட்டாள். அவர் டின்னைக் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். ரொட்டி உயரமில்லை, ஆனால் சின்ன டின் நிறைய அழகாக உட்கார்ந்திருந்தது. அளவாக இரண்டு துண்டு சாப்பிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது சர்க்கரை அடங்கி இருந்தது. அவருக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. அவள் மட்டும் இன்னும் சிரிக்கவில்லை.

"ருசி எப்படி?" ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் கேட்டாள்.

பிரமாதம் என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கினார். தட்டில் கிடந்த ஓரத்தை எடுத்து, காலையில் கடையில் மெல்லுவதுபோலக் கண்ணை மூடி மென்றார்.

"உப்பு கொஞ்சம் கம்மி. சோயா மாவை லேசா வறுத்துப் போட்டிருந்தா இந்தப் பச்சை வாடை இருக்காது. அடியும் இன்னும் கொஞ்சம் வெந்திருக்கணும்."

அவள் நிமிர்ந்தாள். ஒரு வாரமாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அவள் முகத்துக்குத் திரும்பி வந்தது.

"நாளைக்கு வறுத்துப் போடறேன்" என்றாள்.